பின் இருக்கை மணி

எங்கள் பள்ளத்தாக்கில் கார் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினால் அவன் முகம் சுண்டிப்போகும். "ஏன் தம்பி, என் கை மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டே விடுவான். மாட்டினவன் அசடு வழியக் கழற்றிவிடுவான். சாவுக்குக்கூட அவ்வளவு பயப்பட மாட்டோம். அடுத்தவன் முகம் சுண்டினால் எங்களுக்குத் தாங்காது. காருக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? பெல்ட் மாட்டாவிட்டால் அது பாட்டுக்கு மணியடிக்கும். அதற்கும் சந்தையில் வைத்தியம் உண்டு. பெல்ட்டின் கொக்கியை மட்டும் தனியாகச் செய்து, வெங்காயத்தைக் குவித்த மாதிரி குவித்து விற்கிறார்கள். வாங்கிச் செருகினால் மணி அடங்கிவிடும்.

சனோபருக்கு இது தெரியாதா? அவளும் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள்தானே. எல்லாம் தெரிந்தும் அவள் இப்படிச் செய்தாளே என்பதுதான் என் ஆத்திரம்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. கார்த் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் வேலை. அங்கே பேச்சறை என்று ஒரு சின்ன அறை. காரை வரைகிறவர்கள் மேசையில் உட்கார்ந்து வரைந்தால் போதாது, ஓட்டுகிறவன் வாயால் கேட்டுத் திருத்த வேண்டும் என்று பிரிவின் தலைவர் ஃபைசுல்லா ரஹிமோவிச் எந்த நாட்டிலோ பார்த்துவிட்டு வந்து ஏற்படுத்தியது. கழுகு என்று பொருள்படும் 'புர்குத்' என்ற பெயர் வைத்து, இன்னும் விற்பனைக்கு வராத கார்களை இருபத்துநாலு வாடகைக்கார் ஓட்டிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். வழக்கம்போல ஆளேற்றிக்கொண்டு கோக்கந்திலிருந்து கம்ச்சிக் கணவாயைத் தாண்டி தாஷ்கந்து போய் வர வேண்டியது அவர்கள் வேலை. காருக்குள் ஒரு கேமரா, ஒரு மைக், ஒரு ஒலிபெருக்கி. சனோபர் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு தன் அறையில் உட்கார்ந்து அவர்களோடு பேசுவாள். என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை, எதை மாற்றலாம் என்று கேட்டு எழுதுவாள். அவள் எழுதுவதை வைத்துக் காரை மாற்றுவார்கள்.

அந்த இருபத்துநாலு பேரில் ஒருவர்தான் எகம்பெர்தி. ஐம்பத்துமூன்று வயது. இருபத்தாறு வருடமாகக் கணவாயில் ஓட்டுகிறவர். முதல் மூன்று வாரம் அவரிடமிருந்து ஒரு குறையைக்கூடச் சனோபரால் பிடுங்க முடியவில்லை.

"அண்ணே, கார்ல எதை மாத்தலாம்?"

"எதை மாத்த? எல்லாம் அருமையா இருக்கு தங்கச்சி. செஞ்ச கைக்கு நோவு வரக்கூடாது."

"ஒண்ணே ஒண்ணாவது சொல்லுங்கண்ணே. என் வேலையே அதுதான்."

"அருமைன்னு சொன்னேனே, அதை எழுதிக்குங்க."

ஒருநாள் அவர் வழியில் இரண்டு வட்டரொட்டி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவதைக் கேமராவில் பார்த்தாள். வளைவுக்கு வளைவு ஒரு கையால் ரொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ரொட்டிய எதுக்கு மடியில வச்சிருக்கீங்க?"

"பின்ன? கால்மாட்டுலயா போடுவேன்? குப்புற வச்சாலும் பாவம். பின்னால ஆளு இருக்கு. இதுக்குன்னு ஒரு இடமா இருக்கு இங்க?" என்றார். சொன்ன உடனே, "அதுக்காகக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, காரு அருமை" என்று சேர்த்துக்கொண்டார்.

சனோபர் துள்ளிக்குதித்தாள். இரண்டு மாதத்தில் முன்பக்கத்திலிருந்து இழுத்தால் வருகிற ஒரு தட்டு தயாராகிவிட்டது. ரொட்டி நேராக உட்காரும், வளைவில் நழுவாது. வரைகிறவர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு தொழிற்சாலைக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரிடமும் முதலில் அதைத்தான் இழுத்துக் காட்டினார்கள். "ஓட்டுநர் வாயிலிருந்து வந்தது இது" என்று ஃபைசுல்லா ரஹிமோவிச் கூட்டத்தில் சனோபரை எழுந்து நிற்கச் சொன்னார். அந்தத் தட்டுதான் அவளைக் கெடுத்தது. கிளி மாதிரி இன்னொரு பழத்துக்கு மூக்கை நீட்டிக்கொண்டு அலைந்தாள்.

பழம் தோஸ்மத்திடமிருந்து விழுந்தது. தோஸ்மத் இன்னொரு ஓட்டி. வாய் சும்மா இருக்காது.

"காரு நல்ல காருதான் தங்கச்சி. ஆனா எனக்கு ஏற்கெனவே ஒரு மாமியா இருக்கா, இன்னொண்ணு எதுக்கு?"

"யாருண்ணே மாமியா?"

"இந்த மணிதான்! பின்னால ஏறுற விருந்தாளிய உட்காரவிடாம கத்துது. நேத்து ஒரு பெரியவர், 'உன் காருக்கே உன்மேல நம்பிக்கை இல்லையேப்பா'ன்னு இறங்கி அடுத்த வண்டிக்குப் போயிட்டார். என் பொழப்புல மண்ணு!"

சனோபர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இரண்டாவது ரொட்டித்தட்டு கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து மற்ற இருபத்துமூன்று பேரிடமும் ஒரே கேள்வி: "அண்ணே, பின்சீட்டு மணி விருந்தாளிகளுக்கு மரியாதைக் குறைவா இருக்குன்னு சொல்றாங்களே, எடுத்துரலாமா?"

ஒரு பெண்பிள்ளை இப்படி மரியாதையாகக் கேட்டால் எங்கள் ஆட்கள் என்ன சொல்லுவார்கள்? கழுத்தில் கத்தி வைத்தாலும் 'இல்லை' என்ற சொல் வராது. "நீங்க சொன்னாச் சரிதான் தங்கச்சி" என்றார்கள், ஒருவர் விடாமல். சனோபர் எழுதினாள்: இருபத்துநாலு ஓட்டுநர்களும் பின் இருக்கை மணியை எடுக்கச் சொல்கிறார்கள். இலையுதிர் காலத்தில் சோதனைக் கார்கள் எல்லாவற்றிலும் அந்த மணி போனது. அதற்குப் பதிலாக ஓட்டுகிறவர் முன்னால் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. முன் இருக்கை மணி மட்டும் இருந்தது. அதை எடுக்கச் சட்டம் விடவில்லை.

ஜனவரி பதினேழாம் தேதி எகம்பெர்தி கோக்கந்திலிருந்து கிளம்பினார். பனிக்குப் பயந்து ஆள் வரவில்லை. இரண்டே பேர். முன்னால் ஒரு சிமெண்ட் வியாபாரி; பின்னால் மஹ்லியோ, இருபத்துநாலு வயது, தாஷ்கந்தில் தாதியாக வேலை பார்க்கிற பெண். விடுமுறை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். மலையடிவாரத்தில் எரிவாயு நிரப்ப நிறுத்தினார்கள். நிரப்பும்போது காருக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பதால் எல்லோரும் போல அவர்களும் இறங்கி, சுவருக்கு அப்பால் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நிரப்பி முடித்ததும் ஓடி வந்து ஏறினார்கள். முன்னால் உட்கார்ந்தவர் மணிக்குப் பயந்து மாட்டினார். மஹ்லியோ கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

சுரங்கப்பாதையைத் தாண்டி இறங்கும்போது முன்னால் போன லாரி வழுக்கிக் குறுக்கே நின்றது. எகம்பெர்தி ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் பாறையில் மோதி ஒருமுறை உருண்டு நிமிர்ந்தது. அவருக்கு வலதுகை ஒடிந்தது. வியாபாரிக்கு நெற்றியில் காயம். மஹ்லியோ காருக்குள் இல்லை. இருபது அடி தள்ளிப் பனியில் கிடந்தாள்.

சனோபர் அந்நேரம் வேறொரு ஓட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். மஹ்லியோ செத்த செய்தி மதியத்துக்கு மேல்தான் வந்தது. கேட்டதும் அவள் முதலில், "பெல்ட்?" என்றுதான் கேட்டாள்.

மூன்றாம் வாரம் ஃபைசுல்லா ரஹிமோவிச் கூப்பிட்டார். மேசையில் ஒரு காகிதம் இருந்தது.

"உட்காரும்மா. எகம்பெர்தியோட தெருப் பெரியவங்க அந்தப் பொண்ணோட அப்பா வீட்டுக்கு மன்னிப்புக் கேக்கப் போயிருக்காங்க. அவர் பேரு தோஷ்புலாத், கால்வாய்ல பம்பு ஓட்டுறவர். என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? 'மணி எங்க போச்சு? அதைச் சொல்லுங்க முதல்ல. தொழிற்சாலை தானா எடுத்திருந்தா அந்த டிரைவரை நான் மன்னிக்கிறேன், அவனும் என்ன பண்ணுவான். டிரைவர் கேட்டு எடுத்திருந்தா அவன் ஜெயில்ல கிடந்து சாகட்டும்'னு சொல்லியிருக்கார். கோர்ட்டும் அதைத்தான் பார்க்கும். அப்பா மன்னிச்சா தண்டனை இல்லாமக்கூடப் போகும்."

"அப்ப நல்லதுதானே?"

"யாருக்கு நல்லது?" அவர் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "ஓட்டுநர் கேட்டுக்கிட்டபடி மணி நீக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கு. உண்மைதானே? நீதானே எழுதினே. உன்மேல அவருக்குப் பிரியம். நீ போய்க் கேட்டா கையெழுத்துப் போடுவார்."

சனோபர் காகிதத்தை எடுத்துக்கொண்டு பேச்சறைக்கு வந்தாள். அவரிடம் போவதற்கு முன்னால், அவர் என்னதான் சொன்னார் என்று ஒருமுறை கேட்டுவிடலாம் என்று பழைய பதிவைத் தேடி எடுத்தாள். காதில் மாட்டினாள்.

முதலில் அவள் குரல், அந்தக் கேள்வி. பிறகு வைப்பர் கண்ணாடியைத் துடைக்கிற சத்தம். பிறகு எகம்பெர்தி:

"அடிக்கட்டும் தங்கச்சி. அது அடிக்கிறது நல்லதுதான். மாட்டுங்கன்னு சொல்ல எனக்குக் கூச்சமா இருக்கும், அதுவும் பொம்பளைப் புள்ளைங்க ஏறினா. என் சார்பா அது சொல்லிடுது."

உடனே அவள் சிரிப்பு. எவ்வளவு சந்தோஷமான சிரிப்பு!

"நீங்க ரொம்பப் பொறுமைசாலிண்ணே! மத்த எல்லாரும் தொல்லை தொல்லைங்கறாங்க. விருந்தாளிக்கு மரியாதை வேண்டாமா?"

மறுபடி வைப்பர்.

"மரியாதை வேணும்தான்."

"அப்ப எடுத்துரலாம்தானே?"

"நீங்க சொன்னாச் சரிதான், தங்கச்சி."

சனோபர் காதிலிருந்து கழற்றிவிட்டு மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு தன் அறிக்கையைத் திறந்து பார்த்தாள். 'ஓட்டுநர் எ.: விருந்தாளிக்கு மரியாதை வேண்டும். மணியை எடுத்துவிடலாம்.' முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தாள், அதுவும் தனக்கே தெரியாமல். அடுத்த பதிவைக் கேட்டாள். அதற்கடுத்ததையும் கேட்டாள். எல்லாவற்றிலும் அவளே கேட்டு அவளே பதிலையும் அவர்கள் வாயில் ஊட்டியிருந்தாள்.

ஃபைசுல்லா ரஹிமோவிச்சிடம் ஓடினாள். "அவர் கேக்கல சார். நான்தான் சொல்லவச்சேன். அடிக்கட்டும்னுதான் முதல்ல சொல்லியிருக்கார்!"

"கடைசில என்ன சொன்னார்?"

"சரின்னார். ஆனா..."

"சரின்னாரில்ல? போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா. இங்க ரெண்டாயிரம் பேர் வேலை பார்க்கிறாங்க, அதையும் நினைச்சுப் பாரு."

அவள் கோக்கந்துக்குப் போனாள். கையெழுத்து வாங்க அல்ல. 

எகம்பெர்தி கட்டுப்போட்ட கையோடு வாசலுக்கே வந்து வரவேற்றார். இவ்வளவு நாள் குரலாகவே இருந்த பெண்ணை முதன்முறையாக நேரில் பார்க்கிறார். கூச்சத்தில் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தார். மனைவி ஓய்சாரா "வாம்மா" என்று கூப்பிட்டு, விரிப்பைப் போட்டு ரொட்டியும் திராட்சையும் வைத்தாள். அவர் இடதுகையால் தேநீர்க் கிண்ணத்தில் விருந்தாளி மரியாதைப்படி கொஞ்சமாக ஊற்றி நீட்டினார்.

"என்னால உங்க வேலைக்குக் கெட்ட பேர் வந்துருச்சு தங்கச்சி. நான் வந்து பார்த்திருக்கணும். மன்னிச்சுக்குங்க."

மனுஷன் நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறாரே என்று சனோபருக்கு அவர்மேலேயே கோபம் வந்தது.

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. மணிய எடுக்கச் சொன்னது நீங்க இல்ல. அடிக்கட்டும்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதைக் கோர்ட்டுல சொல்லுங்க. நானும் வந்து சொல்றேன். தொழிற்சாலைதான் எடுத்துச்சு, நான்தான் உங்க வாயில திணிச்சேன்னு சொல்றேன். அந்தப் பொண்ணோட அப்பா உங்கள மன்னிச்சுடுவார்."

"உங்க வேலை?"

"போனாப் போகுது."

அவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, அந்தச் சின்ன விளக்கு எரிஞ்சுச்சு. நான் பார்த்தேன். கண்ணாடியில அந்தப் புள்ளையையும் பார்த்தேன். 'மாட்டிக்கம்மா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முன்னப்பின்ன தெரியாத பொண்ணு, கண்ண மூடிப் படுத்திருக்கு. எப்படிக் கூப்பிடுறதுன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தை. அதைச் சொல்லாதவன் நான்தானே? மணி மேலயும் உங்க மேலயும் எப்படிப் பழி போடுவேன்?"

ஓய்சாரா தேநீர்ப் பாத்திரத்தைத் தரையில் ஓங்கி வைத்தாள். "ஆமா, எல்லாப் பழியையும் நீங்களே தலையில வச்சுக்குங்க. மூணு புள்ளைங்க இருக்கு உங்களுக்கு, அது ஞாபகம் இருக்கா? இந்தப் பொண்ணே வந்து சொல்றேங்குது. வாயத் திறந்து ஒரு உண்மையச் சொன்னா உங்க வாய் வெந்தா போயிரும்?"

"மதினி சொல்றதக் கேளுங்கண்ணே" என்றாள் சனோபர். "கோர்ட்டுல கேப்பாங்க, இந்தப் பொண்ணு சனோபர் சொல்றது உண்மையான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். சொல்லுவீங்கதானே?"

எகம்பெர்தி மனைவியைப் பார்த்தார். விருந்தாளியைப் பார்த்தார்.

"சரி தங்கச்சி" என்றார்.

சனோபர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். அட மக்குப் பெண்ணே! சொல்லுவீங்கதானே என்று கேட்டு வாங்கின சரியை நம்பித்தானே இவ்வளவும் வந்தது? தும்பை விட்டாயிற்று, வாலையாவது இறுக்கிப் பிடித்திருக்க வேண்டாமா? நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர் மனதில் இருந்தது எதுவோ வெளியே வந்திருக்கும். அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை. கையெழுத்தில்லாத காகிதத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, திராட்சையைக்கூடத் தொடாமல் கிளம்பினாள்.

மறுநாள் பேச்சறைக்குப் போனால் கணினி அவளை உள்ளே விடவில்லை. ஃபைசுல்லா ரஹிமோவிச் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பழைய பதிவெல்லாம் இடத்தை அடைக்குதுன்னு துடைச்சாச்சு. தேவையானதை மட்டும் எடுத்துக் கோர்ட்டுக்குக் கொடுத்தாச்சு."

"தேவையானதுன்னா எது சார்?"

"கடைசி வரி."

அவள் கத்தினாள், அழுதாள், மேலிடத்துக்கு எழுதுவேன் என்றாள். வாசலில் நின்ற காவலாளி, சின்ன வயதிலிருந்து அவளைத் தெரிந்தவன், "வாம்மா, வா" என்று தோளைத் தொடாமல் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். இனி பதிவு இல்லை. அவள் வாயும் எகம்பெர்தியின் வாயும்தான் மிச்சம்.

பிப்ரவரி கடைசியில் வழக்கு மலையடிவார ஊரின் நீதிமன்றத்தில் வந்தது. அறை சின்னது. ஒரு பக்கம் தொழிற்சாலையிலிருந்து பத்துப் பேர், ஃபைசுல்லா ரஹிமோவிச் நடுவில். இன்னொரு பக்கம் மஹ்லியோவின் சனங்கள். தோஷ்புலாத் முதல் வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஹ்லியோவின் அம்மா. கூண்டில் எகம்பெர்தி. அவருக்குப் பின்னால் ஓய்சாரா மூன்று பிள்ளைகளோடு. நன்றாகப் பார்க்கட்டும் என்று பிள்ளைகளுக்குப் பள்ளி உடுப்பைப் போட்டுக் கூட்டி வந்திருந்தாள்.

அந்தக் கடைசி வரியைப் போட்டுக் காட்டினார்கள். 'நீங்க சொன்னாச் சரிதான்' என்பதில்கூட முதல் இரண்டு சொல் வெட்டப்பட்டிருந்தது. "சரிதான், தங்கச்சி" என்ற குரல் மட்டும் அறையில் கேட்டது. தோஷ்புலாத்தின் தாடை இறுகியது.

பிறகு சனோபரைக் கூப்பிட்டார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. தோஸ்மத்தின் கேலியிலிருந்து ஆரம்பித்து, தான் எப்படிக் கேட்டாள், எகம்பெர்தி முதலில் என்ன சொன்னார், தான் எப்படிச் சிரித்தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். வைப்பர் சத்தத்தைக்கூடச் சொன்னாள். "மணிய எடுக்கணும்னு இந்த அண்ணனுக்கு எண்ணமே இல்ல. எனக்குத்தான் இருந்துச்சு. தொழிற்சாலை எடுத்துச்சு. நான் எழுதினதைவச்சு எடுத்துச்சு."

தோஷ்புலாத் மெதுவாக எகம்பெர்தி பக்கம் திரும்பினார். முதல்முறையாக அவர் முகம் இளகியது. சனோபர் அதைப் பார்த்தாள். இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

அப்போது மஹ்லியோவின் அம்மா எழுந்துவிட்டாள். சனோபரையே பார்த்தாள். "நீயா?" என்றாள். "சிரிச்சுக்கிட்டே எடுத்தியா? என் மகளோட மணிய நீ சிரிச்சுக்கிட்டா எடுத்த?" அவள் குரல் உடைந்தது. "நீ நாசமாப் போக! உன் வயித்துல ஒண்ணும் தங்காமப் போக!" பெண்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இன்னும் கல்யாணம் ஆகாத சனோபர் சாட்சிக் கூண்டின் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் யாரோ, "இவதானா அது? யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

நீதிபதி மேசையைத் தட்டினார். "எகம்பெர்தி, எழுந்திருங்க. இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா? மணியை எடுக்க வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?"

எகம்பெர்தி எழுந்தார். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு சனோபரைப் பார்த்தார். அவள் கண்ணால் கெஞ்சினாள். ஓய்சாரா பின்னாலிருந்து, "சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள். கடைசிப் பிள்ளைக்குக்கூட ஏதோ புரிந்து அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றார், "இந்தத் தங்கச்சி நல்ல வீட்டுப் பொண்ணு. என்மேல இரக்கப்பட்டுச் சொல்லுது. அதை யாரும் வையாதீங்க. குரல் என்னோடதுதான். எடுக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

"பொய்!" சனோபர் அலறினாள். "பொய் சொல்லாதீங்கண்ணே! ஐயா, அவர் பொய் சொல்றார், மரியாதைக்காகச் சொல்றார், எழுதாதீங்க அதை, எழுதாதீங்க!"

"சாட்சி உட்காரணும்" என்றார் நீதிபதி. எழுத்தர் எழுதி முடித்திருந்தார்.

தோஷ்புலாத் முழங்காலில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். மன்னிக்கிறீர்களா என்று நீதிபதி கேட்டதற்கு இல்லை என்றார். அந்த அறையில் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். நாலு வருடம் தீர்ப்பானது. எகம்பெர்தியைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போனார்கள். ஃபைசுல்லா ரஹிமோவிச்சும் மற்றவர்களும் அவசரமில்லாமல் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓய்சாரா படியில் நின்று பிள்ளைகளுக்குத் தொப்பி கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். சனோபர் அவள் முன்னால் போய் நின்றாள்.

"மதினி, நான் மேல்கோர்ட்டுக்குப் போறேன். எழுதிக் கொடுக்கிறேன். அந்த இருபத்துமூணு பேரையும் பார்த்துக் கூட்டிட்டு வர்றேன்."

ஓய்சாரா கடைசிப் பிள்ளையின் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். முன்பு வாம்மா என்று கூப்பிட்ட வாய்.

"நீ கூப்பிட்டா எல்லாரும் வருவாங்க. நீ கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க. என் வீட்டுக்காரன் இருபத்தாறு வருஷம் வண்டி ஏறினவனுக்கெல்லாம் மரியாதை பண்ணான். செத்த பொண்ணுக்குப் பண்ணான், உனக்குப் பண்ணான், இன்னைக்குக் கோர்ட்டுல நிக்கிறவனுக்கெல்லாம் பண்ணிட்டுப் போயிட்டான். நானும் இந்த மூணும்தான் அவன் கண்ணுக்குத் தெரியல. இதையும் போய் எழுதிக்கோ."

பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.